மழை கொட்டிய பிறகும் குழாயில் ஏன் தண்ணீர் வெட்டு?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்து கிடந்தன, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. செப்டம்பரில் மழை கொட்டி விருகம்பாக்கத்தில் உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகும் பல வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வந்தது, அதுவும் பழுப்பு நிறத்தில், நாற்றத்தோடு. இது நிர்வாகத்தின் மெத்தனமா, இல்லை வேறு காரணம் உண்டா என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தண்ணீர் வெட்டை எப்போது தளர்த்துவது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள், 2019-ல் செய்த முடிவு சரியா என்பது ஒன்று. நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் தண்ணீர் ஏன் அப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. நான் குடிநீர் வழங்கலில் பொறியாளராக நீண்ட காலம் வேலை பார்த்தவன். ஏரி, சுத்திகரிப்பு, குழாய், வால்வு இவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். நிலத்தடி நீர் என் துறை இல்லை, அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளின் கொள்ளளவு, மில்லியன் கனஅடியில்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. அப்போது இந்த நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கனஅடி, அதாவது பதினொன்றே கால் டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கனஅடி). 2019 ஜூனில் இதில் ஒரு சதவீதம்கூட இல்லை. நகரத்துக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 830 மில்லியன் லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்ததை 525 மில்லியனாகக் குறைத்திருந்தார்கள். ஏரிகளே காலி என்றால் இந்த 525 எங்கிருந்து வந்தது? மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் தலா 100 மில்லியன் லிட்டர் திறன் கொண்டவை. வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழியாக 180 வரை கொண்டுவர முடியும். மீதி திருவள்ளூர் பக்கத்து விவசாயக் கிணறுகள், சிக்கராயபுரம் கல்குவாரிகள், நெய்வேலிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் என்று பல இடங்களில் திரட்டியது. எல்லோரும் பேசிய அந்த ரயில் ஜூலை 12-ஆம் தேதி முதல் முறை வந்தபோது 50 வேகன்களில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அன்றைய 525 மில்லியனில் அது அரை சதவீதம்கூட வராது. அந்த ரயில் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு லாரி லோடும் தேவைப்பட்டது. ஆனால் நகரம் ஏரித் தண்ணீர் இல்லாமலே பிழைத்துக்கொண்டிருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து வருவது புரியும். மழை வந்ததும் அந்தத் தண்ணீரைக் குழாயில் விடுவதற்கு முன்னால், காலியான ஏரிகளில் அதைச் சேர்க்க வேண்டியிருந்தது.

சரி, உங்கள் தெருவில் நின்ற தண்ணீர் என்ன ஆனது? சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதன் மேல் சீராக 10 செ.மீ. மழை பெய்தால் ஒன்றரை டிஎம்சி. அப்போதைய முழு அளவான 830 மில்லியன் லிட்டர் கொடுத்தாலும் ஐம்பது நாள் தண்ணீர் அது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும், எனக்கும் எரிகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எந்தக் குடிநீர் ஏரிக்கும் போகாது. ஏரிகள் நகரத்துக்கு மேற்கிலும் வடமேற்கிலும் இருக்கின்றன, கடல் கிழக்கில் இருக்கிறது, நகரம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. விருகம்பாக்கத்தில் பெய்தது கால்வாய் வழியாகக் கூவத்துக்கும், சைதாப்பேட்டையில் பெய்தது அடையாற்றுக்கும் போய், அங்கிருந்து கடலுக்குத்தான் போகும். நகருக்குள் பெய்யும் மழையை நிலத்துக்குள் இறக்கலாம், கோயில் குளங்களிலும் மிச்சமிருக்கும் சிறு ஏரிகளிலும் பிடிக்கலாம். புழலுக்குத் திருப்பிவிட வழியில்லை.

அந்த செப்டம்பரில் பூண்டி, திருவள்ளூர் பக்கமும் நல்ல மழை. ஒரே இரவில் 20 செ.மீ. அளவுக்குப் பெய்தது. அப்படியும் ஏரி மட்டம் உடனே ஏறவில்லையே என்று கேட்பீர்கள். நீண்ட வறட்சிக்குப் பிறகு ஏரித் தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். சில இடங்களில் வெடிப்புக்குள் முழங்கைவரை கையை விடலாம். வரத்துக் கால்வாயில் முதலில் வரும் தண்ணீர் செம்மண் நிறத்தில், வைக்கோலும் பிளாஸ்டிக் பைகளும் மிதக்க வரும், அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். களிமண் ஊறி உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்ட பிறகுதான் மதகுப் பக்கத்து அளவுகோலில் தண்ணீர் ஏறத் தொடங்கும். இது ஏரிக்குள் நடப்பது. ஏரிக்கு மேலே இன்னொரு சங்கதி இருக்கிறது. நம் பக்கத்து ஏரிகள் தனித்தனி இல்லை, ஒன்று நிரம்பினால் அதன் கலங்கலில் (உபரி நீர் வழியும் இடம்) வழியும் தண்ணீர் அடுத்ததற்குப் போகும்படி வெட்டப்பட்ட சங்கிலி. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் செம்பரம்பாக்கத்துக்கு நல்ல வரத்து இருக்கும். வறட்சி ஆண்டில் மேலே உள்ள அத்தனை ஏரிகளும் காலி. முதல் மழை அவற்றுக்கு, இரண்டாவது மழை செம்பரம்பாக்கத்துக்கு. மேலே உள்ள ஏரிகளை நம்பி விவசாயம் செய்கிற ஊர்கள் இருக்கின்றன, அவர்களுடைய பங்கை நாம் குறைசொல்ல முடியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெட்டைத் தளர்த்துவது இன்றைய ஏரி மட்டத்தை மட்டும் பார்த்து எடுக்கிற முடிவு கிடையாது. தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் வந்துவிடுகிறது. ஒருபோகம் மட்டும் விளைகிற வீட்டில் தை மாதம் குதிரில் கொட்டிய நெல்லை அடுத்த தை வரை வைத்துச் சாப்பிடுவது போலத்தான் இதுவும். டிசம்பர் 31 அன்று நான்கு ஏரிகளிலும் சேர்த்து 5 டிஎம்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க நிறையத் தெரியும். 2019-ல் இருந்தபடி கடல்நீர் ஆலைகள் 200, வீராணம் 180 கொடுக்கின்றன என்றாலும், 830 கொடுக்க வேண்டுமானால் ஏரிகளிலிருந்து தினமும் 450 மில்லியன் லிட்டர் எடுக்க வேண்டும். அது நாளுக்குக் கிட்டத்தட்ட 16 மில்லியன் கனஅடி. செப்டம்பர் முடிய 9 மாதத்துக்கு 4.3 டிஎம்சி. மிச்சம் 700 மில்லியன் கனஅடி இருக்கிறதே என்றால், வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. செம்பரம்பாக்கம் நிரம்பினாலே 24 அடி, புழல் 21 அடிதான். ஆழம் குறைவு, பரப்பு அதிகம். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 50 லட்சம் லிட்டர் போய்விடும், அதாவது ஜோலார்பேட்டை ரயில் இரண்டு. நான்கு ஏரிகளின் பரப்பையும் சேர்த்து 9 மாதத்துக்குப் பார்த்தால் ஆவியாவது மட்டும் ஒரு டிஎம்சிக்கு மேல் வரும் என்பது என் மதிப்பீடு. மதகு மட்டத்துக்குக் கீழே தங்கும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்க வேண்டும், அதில் சேறும் பாசியும் அதிகம். மேட்டூரில் தண்ணீர் இல்லாவிட்டால் வீராணமும் கைவிடும். ஆக 5 டிஎம்சியை வைத்துக்கொண்டு ஜனவரியில் முழு அளவு கொடுத்தால், ஆகஸ்டில் மறுபடி லாரியின் பின்னால் குடத்தோடு ஓட வேண்டியதுதான்.

ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீர் இருக்கிறதே என்றும் கேட்பீர்கள். 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டிஎம்சி, ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. 1996-ல் முதன்முதலாகத் தண்ணீர் பூண்டிக்கு வந்ததிலிருந்து பார்த்தால், அந்த 12-ஐ நம்பிக் கணக்குப் போட முடியாது என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நமக்கு வறட்சி என்றால் பெரும்பாலும் அந்தத் தண்ணீர் வரும் ஸ்ரீசைலம், கண்டலேறு அணைகளிலும் கையைப் பிசைந்துகொண்டுதான் இருப்பார்கள். 2019-ல் செப்டம்பர் கடைசியில்தான் கண்டலேறிலிருந்து திறந்தார்கள். வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

இப்படி யோசிப்பது சென்னையில் மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மூன்று ஆண்டு வறட்சிக்குப் பிறகு 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. அங்கே மழைக்காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. அந்த ஆண்டு மழை ஏமாற்றவில்லை, செப்டம்பரில் அணைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டது. அப்படியும் மழைக்காலம் முடியும்வரை 50 லிட்டர் கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. அக்டோபர் 1 முதல் 70 லிட்டர், டிசம்பர் 1 முதல் 105 லிட்டர் என்று படிப்படியாகத்தான் தளர்த்தினார்கள். அணையில் பாதிக்கு மேல் தண்ணீர் கண்ணெதிரே நிற்கும்போது 50 லிட்டரில் குளித்து, துவைத்து, சமைப்பது எவ்வளவு கடுப்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அவர்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. எந்தப் படியில் எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்திருந்தார்கள். அணை மட்டத்தையும் நகரத்தின் செலவையும் தொடர்ந்து வெளியிட்டார்கள். நம் ஊரில் ஏரி மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. எந்த மட்டத்தில், எந்தத் தேதியில் என்ன செய்வோம் என்பது மட்டும் முன்கூட்டியே மக்களுக்குச் சொல்லப்படவில்லை. உங்கள் கோபத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன், அது நியாயமான கோபம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: செப்டம்பர் மழையைப் பார்த்து வெட்டை எடுக்காதது சரி. தவறு அதற்கு முன்னால் நடந்தது. 2018 வடகிழக்குப் பருவமழை சென்னையில் சராசரியில் பாதி அளவுதான் பெய்தது. டிசம்பர் பாதியிலேயே அடுத்த கோடை எப்படி இருக்கும் என்று கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போதே கொஞ்சமாகக் குறைத்திருந்தால் ஜூனில் அவ்வளவு குறைக்க வேண்டி வந்திருக்காது. வெட்டு என்று அறிவிக்க எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது, அதனால் எல்லா ஊரிலும் இது தாமதமாகத்தான் தொடங்குகிறது.

இதற்கு நேரெதிரான ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்குத் தவித்த ஊரில் ஏரியைத் திறந்துவிடக் கை நடுங்கும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி அடையாற்றில் விட்டது நினைவிருக்கும். அந்த ஏரி இயக்கப்பட்ட விதத்தில் குறைகள் இருந்ததாகத் தலைமைத் தணிக்கையாளரே பின்னால் அறிக்கை கொடுத்தார். அடையாற்றின் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்தின் பங்கு எவ்வளவு, வழியில் உள்ள மற்ற ஏரிகள் வழிந்ததன் பங்கு எவ்வளவு என்பதில் வல்லுநர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் இதே கதை. 2007-ல் 17 சதவீதத்துக்கும் கீழே போன அணைகள், 2011 ஜனவரியில் நிரம்பி நகரத்தில் வெள்ளம். அணையை இயக்கியது சரியா தவறா என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. நவம்பர் நடுவில் ஏரியை எவ்வளவு நிரப்பி வைப்பது என்பதற்கு உறுதியான விடை என்னிடம் இல்லை, யாரிடமும் இருப்பதாக நான் நம்பவில்லை. நிரப்பினால் வெள்ள பயம், விட்டுவிட்டால் கோடை பயம். சென்னையில் 2015-ல் வெள்ளம், 2017-ல் வறட்சி, கல்குவாரித் தண்ணீர். இடையில் ஒன்றரை ஆண்டுதான்.

அடுத்து, எனக்கே சந்தேகம் உள்ள விஷயம். வெட்டினால் தண்ணீர் மிச்சமாகிறதா? ஏரியில் மிச்சமாகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 830-லிருந்து 525 ஆக்கியபோது மக்கள் 305 குறைவாகச் செலவழித்தார்களா என்றால், இல்லை. சம்ப்பும் (தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி) பணமும் உள்ளவர்கள் தனியார் லாரி வாங்கினார்கள், அது நகருக்கு வெளியே ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து வந்தது. போர் (ஆழ்துளைக் கிணறு) உள்ளவர்கள் இன்னும் ஐம்பது அடி இறக்கினார்கள். இரண்டும் இல்லாத தெருக்களில்தான் வெட்டு முழுசாக விழுந்தது. குடம் வரிசையில் நின்றவர்களுக்கு லாரி வரும் நேரம் தெரியாததால் வேலைக்குப் போக முடியவில்லை. நிலத்தடியிலிருந்து இப்படி எடுத்தது எவ்வளவு என்று அளந்தவர் யாரும் இல்லை, அதனால் வெட்டின் உண்மையான சேமிப்பு என்ன என்று திட்டமாகச் சொல்ல வழியில்லை. அதே அளவு வெட்டை, ஒவ்வொரு இணைப்புக்கும் மீட்டர் வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று பகிர்ந்தால் இவ்வளவு அநியாயமாக இருக்காது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் வீட்டுப் போர் ஏன் மழைக்குப் பிறகும் ஊறவில்லை என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோர மணல் பகுதியில் நல்ல மழை பெய்தால் சில நாளிலேயே திறந்த கிணறுகளில் மட்டம் ஏறிவிடும். உங்கள் பக்கம் பெரும்பாலும் களிமண், தண்ணீர் மேலேயே நிற்கும், மெதுவாகத்தான் இறங்கும். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதற்கும் போர் ஊறாததற்கும் அதுவும் ஒரு காரணம். கிண்டி, வேளச்சேரி பக்கம் பாறை, அங்கே பாறை வெடிப்பு எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்து பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே நிலைமை மாறும். ஆழமான போர் என்றால் ஒரு பருவமழை போதாமலும் போகலாம். உங்கள் மனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியில்லை. 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் கட்டடத்தில் ஒரு குழி இருக்கத்தான் வேண்டும். அது வண்டல் அடைத்துக் கிடக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். களிமண் பகுதியில் மேலாக வெட்டிய குழி பயன்படாது, மணல் படுகை வரை இறங்கும் உறை கிணறாக இருந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும்.

இனி அந்தப் பழுப்புத் தண்ணீர். இதில் இரண்டு விதம் உண்டு, ஒன்று தொந்தரவு மட்டும், மற்றது ஆபத்து. புது வெள்ளம் ஏரிக்கு வரும்போது மண் கலங்கலாக வரும். சுத்திகரிப்பு நிலையத்தில் மண்ணைப் படியவைக்கும் படிகாரத்தின் அளவைக் கூட்ட வேண்டும், வடிகட்டிகளை அடிக்கடி கழுவ வேண்டும், அதனால் அந்த நாட்களில் நிலையம் வெளியே அனுப்புகிற அளவே குறையும். அப்புறம், மாதக்கணக்கில் பாதி நேரம் காய்ந்து கிடந்த இரும்புக் குழாயில் துரு உரிந்து நிற்கும். அழுத்தத்தோடு தண்ணீர் விட்டதும் அது பெயர்ந்துகொண்டு வரும். நாற்றமில்லாமல், பிடித்து வைத்தால் அடியில் செம்பழுப்பாகத் தங்குகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். முதல் சில குடம் தண்ணீரைக் கழுவ, துடைக்க எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

நாற்றம் அடித்தால் விஷயம் வேறு. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால் கசிவு வெளியே போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் விடும்போது, நிறுத்திய பிறகு குழாய் காலியாகி உள்ளே இழுக்கத் தொடங்கும். தெருவில் மழைத் தண்ணீரும் சாக்கடையும் கலந்து நிற்கிறது, அதே பள்ளத்தில் நம் குடிநீர்க் குழாய் ஒரு விரிசலோடு கிடக்கிறது என்றால் அந்தத் தண்ணீர் உள்ளே போய்விடும். வீட்டு இணைப்பிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். அந்த மோட்டார் பக்கத்து வீட்டுத் தண்ணீரை இழுப்பதோடு நிற்பதில்லை, தெருச் சாக்கடையையும் இழுக்கிறது. நாற்றம் வந்த அன்று நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் சம்ப்புக்குப் போகும் வால்வை மூடுங்கள். பகுதி அலுவலகத்தில் புகார் எழுதும்போது எந்த நேரம், எத்தனை நிமிடம் நாற்றம் வந்தது, தெருவில் எந்த வீட்டிலிருந்து தொடங்குகிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள். கசிவு எங்கே என்று தோண்டுகிறவர்களுக்கு அதுதான் வழி காட்டும். சம்ப்பின் மூடி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரை நம்பாதீர்கள். முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்த பிறகு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள். குடிக்கிற தண்ணீரை அப்படியும் கொதிக்க வைத்தே குடியுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் சம்ப்பின் வாயைத் தெரு மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்திக் கட்டிவிடுங்கள். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைதான்.